திறமூலச் செயலியை நானே மூலநிரலிலிருந்து உருவாக்கினேன். பழைய செயலியின் மேல் நிறுவ முடியாதது ஏன்?

பாட்காஸ்ட் கேட்கும் ஆண்டெனாபாட் போன்ற ஒரு திறமூல ஆண்ட்ராய்டு செயலியின் மூலநிரலை இறக்கி, ஒரு வரிகூட மாற்றாமல் நீங்கள் உருவாக்கியிருந்தாலும், ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் அதே செயலியின் மேல் அதை நிறுவ முடியாது. முந்தைய பதிப்பில் மின்கையொப்பமிட்ட சாவியே (உருவாக்குநர் இரகசியமாக வைத்திருக்கும் குறியீடு) புதிய பதிப்பிலும் கையொப்பமிட்டிருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு பார்க்கிறது. அந்தச் சாவி ஆண்டெனாபாட் குழுவினரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. இந்தச் சோதனை இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அதே அடையாளத்தில் ஒரு செயலியை உருவாக்கி, புதுப்பிப்பு என்று சொல்லி ஏற்றி, பழைய செயலி சேர்த்து வைத்திருக்கும் தரவுகள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளலாம். எனவே இதைச் சுற்றிக் கடக்க வழி தேடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

கூகுள் பிளேயில் பெற்ற செயலியை, திறமூலச் செயலிகளுக்கான தளமான எஃப்-டிராய்டின் பதிப்பால் புதுப்பிக்க முடியாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். எஃப்-டிராய்ட் மூலநிரலைத் தானே தொகுத்து (அதாவது செயலியாக உருவாக்கி), தன் சாவியால் கையொப்பமிடுகிறது. தான் தொகுத்ததும் உருவாக்குநர் வெளியிட்டதும் கையொப்பம் நீங்கலாக பைட் பைட்டாக ஒத்திருந்தால் மட்டும், உருவாக்குநரின் கையொப்பத்துடனேயே எஃப்-டிராய்டால் அதை வெளியிட முடியும்.

உங்கள் முன் உள்ள நேரிய வழி, பழைய செயலியின் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்துவிட்டு, அந்தச் செயலியை நீக்கி, உங்கள் பதிப்பை நிறுவுவதுதான். இரண்டும் ஒரே ஃபோனில் அருகருகே இருக்க வேண்டுமென்றால், கிராடில் (தொகுக்கும் வேலையைச் செய்யும் கருவி) கோப்பில் செயலியின் அடையாளப் பெயருக்குப் பின்னொட்டு ஒன்றைச் சேர்த்துத் தொகுத்தால் போதும்.

தொகுத்தல் பெரிய வேலையன்று. ஆண்ட்ராய்டு எஸ்டிகேயும் (செயலி உருவாக்கும் கருவித் தொகுப்பு), திட்டம் கேட்கும் ஜாவா பதிப்பும் (கிராடிலுக்கான ஆண்ட்ராய்டு செருகுநிரலின் எட்டாம் பதிப்புக்கு ஜாவா 17) இருந்தால் மீதியைக் கிராடில் பார்த்துக்கொள்ளும். கவனம் வேண்டியது அதன் பிறகுதான். சோதனைப் பதிப்பு உங்கள் கணினியில் தானாக உருவாகும் சாவியால் கையொப்பமிடப்படுகிறது. வெளியீட்டுப் பதிப்போ, சாவி எது என்று நீங்கள் குறிப்பிடாத வரை கையொப்பமின்றியே வெளிவரும், அதை ஃபோன் ஏற்காது. ஜாவாவுடன் வரும் கீடூல் என்ற கருவியால் சாவியை உருவாக்கும்போது செல்லுபடிக் காலத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஏனெனில் குறிப்பிடாவிட்டால் அது 90 நாள்கள்தான். ஆண்ட்ராய்டு ஆவணங்கள் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ பரிந்துரைப்பதால் 10,000 நாள்கள் என்று கொடுப்பது வழக்கம். கையொப்பமிடும் கருவியான ஏபிகே சைனரைப் பயன்படுத்துவதாக இருந்தால், செயலிக் கோப்பின் உள்ளடக்கத்தைச் சீராக அடுக்கும் சிப்அலைனை அதற்கு முன்பே ஓட்டிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 7.0 முதல் கையொப்பம் கோப்பு முழுவதையும் காப்பதால், பிறகு எதை நகர்த்தினாலும் அது செல்லாமல் போகும். முடிந்ததும் ஏபிகே சைனரின் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, சாவிக்குரிய சான்றிதழின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும், மூலநிரலைச் சேமித்துப் பகிரும் கிட் களஞ்சியத்துக்குள் ஒருபோதும் போகக் கூடாது. கணினிக்கு வெளியே இரண்டு இடங்களிலாவது பிரதி இருக்கட்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் சாவியை மாற்றும் வசதி இருந்தாலும், புதிய சாவிக்குப் பழைய சாவியே சான்றளிக்க வேண்டியிருப்பதால், தொலைத்தவருக்கு அது உதவாது. உங்களுக்கு மட்டுமான பதிப்பென்றால் மீண்டும் நீக்கி நிறுவிக்கொள்ளலாம். நண்பர்களுக்கும் கொடுத்திருந்தால் அவர்கள் ஒவ்வொருவரும் அதையே செய்ய வேண்டியிருக்கும்.