விட்டதைப் பிடிக்கிறேன் என்கிறார்!

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குடிக்காதவர். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு தடை செய்த பிறகும், யாரோ அனுப்பும் லிங்க்கில் ரம்மி ஆடுகிறார். என் வளையல்கள் அடகுக் கடையில் இருப்பதே ரசீது கண்ணில் பட்டுத்தான் தெரிந்தது. கேட்டால், "விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். கடனை ஒரே தடவையில் அடைத்துவிடலாம் என்கிறார் அவருடைய அண்ணன். இது கெட்ட பழக்கமா, நோயா?
- வாசகி, திருப்பூர்

பதில்: எவ்வளவு தோற்றார் என்று நீங்கள் எழுதவில்லை, சகோதரி. எனக்கு அது தேவையும் இல்லை. லட்சங்களைத் தொலைத்துவிட்டு மறுநாளே தலைமுழுகியவர்களும் உண்டு. நூறு இருநூறிலேயே மீள முடியாமல் கிடப்பவர்களும் உண்டு.

சூதாட்ட நோயைக் கண்டறிய 1997இல் வந்த ஒரு சோதனையில் இரண்டே கேள்விகள். பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றியதா? எவ்வளவு ஆடினோம் என்பதை வேண்டியவர்களிடம் பொய் சொல்லி மறைத்ததுண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும். இரண்டாவதற்கு அந்த ரசீதே பதில் சொல்லிவிட்டது. போதாததற்கு, விட்டதைப் பிடிக்கத் துரத்துவது இந்த நோயின் முக்கியமான அடையாளம்.

ஆம், நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இதை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. குடித்தவரை வாடை காட்டிக்கொடுக்கும். இங்கே கவிழ்த்து வைத்த போனும், ஆட முடியாத நாளில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும்தான் வாடை.

அண்ணன் நல்ல மனிதர். ஆனால் மொத்தக் கடனையும் அவர் அடைத்தால், மறுநாளே தம்பிக்குப் புதுக் கடன் கிடைக்கும். பிறர் பணத்தில் கடன் தீர்ப்பதும் மருத்துவர்கள் கணக்கில் ஓர் அறிகுறி. உதவியே ஆக வேண்டுமென்றால் அடகுக் கடையில் அவரே நேராகக் கட்டி வளையல்களை மீட்டு உங்களிடம் தரட்டும். கணவர் கையில் ரொக்கம் கூடாது. அவர் சம்மதித்தால் சம்பளக் கணக்கு சில காலம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். மீறும்போது இன்னொரு பொய்தான் பிறக்கும்.

மனநல ஆலோசனை நன்றாகவே பலன் தருகிறது. அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.