வேட்டைக்கு நம்மூர் வல்லூறா, வெளிநாட்டு ஹாரிஸ் பருந்தா?

காங்கயம் பக்கம் காடு இருக்கிறது, வேட்டைக்கு எந்தப் பறவையைப் பழக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வல்லூறை மறந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். கூட்டிலிருந்து குஞ்சை எடுத்தாலும் அப்படித்தான்.

ஹாரிஸ் பருந்து அமெரிக்கக் கண்டத்துப் பறவை. கூட்டமாக வேட்டையாடும் குணம் உள்ளதால் ஆளோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மேலைநாடுகளில் அதற்கு அவ்வளவு மவுசு அதனால்தான். இங்கே அதற்கும் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) ஆவணம், பதிவு எல்லாம் வேண்டும். சரி, வாங்கியாச்சு, எதன் மேல் ஏவுவீர்கள்? கௌதாரி, முயல் இரண்டையும் வேட்டையாடக் கூடாது.

நான் காலையில் கொறங்காட்டு (நம் பக்கத்து மேய்ச்சல் நிலம்) கிளுவை முள்வேலியோரம் சத்தமில்லாமல் நிற்பேன். வெள்வேல மரத்திலிருந்து வல்லூறு தாழ இறங்கும். வேலி மேல் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணான் அடுத்த நொடி இருக்காது. செலவு, ஒரு டீ.