அப்பா வி.ஆர்.எஸ். வாங்கிய துறையில் மகள் படிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கணவர் பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு பெற்றது 2020 ஜனவரி 31. அன்று ஒரே நாளில் வெளியே வந்தவர்கள் சுமார் 78,500 பேர், மொத்த ஊழியர்களில் ஏறக்குறைய பாதி. அதை அனுபவித்த வீட்டில் மகள் ஈ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங்) எடுக்கிறேன் என்று நின்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

சரி, அது ஏன் நடந்தது என்று பார்ப்போம். 2016இல் ஜியோ வந்ததும் கட்டணங்கள் சரிந்தன. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை காலத்தில் கிடைக்கவில்லை. வருமானத்தில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனது. வேலையும் மாறிவிட்டது. செம்புக் கேபிள் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து தனி ஜோடிக் கம்பி. கேபிள் குழிக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால், நூற்றுக்கணக்கான ஜோடிகளை நிறம் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். உங்கள் கணவரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். இன்று முடி கனமுள்ள கண்ணாடி இழை (ஃபைபர்) ஒன்றே ஸ்ப்ளிட்டரில் பிரிந்து 32 வீடுகளுக்குப் போகிறது.

ஃபைபர் போடும் வேலையும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் தொலைத்தொடர்பு நிறுவனமான பி.டி. 2030க்குள் 55,000 பேர் வரை குறைக்கப்போவதாக 2023இல் அறிவித்தது. ஃபைபர் போட்டு முடிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

அதனால் மகள் நெட்வொர்க்கை உருவாக்கும், இயக்கும் பக்கம் போகட்டும். 2025 செப்டம்பரில் தொடங்கிய பி.எஸ்.என்.எல். 4ஜியின் மையப் பகுதி அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட் செய்தது, ரேடியோ கருவிகள் தேஜஸ் நிறுவனம் செய்தவை, எல்லாவற்றையும் இணைத்தது மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். அந்த மாதிரி வேலைக்கு எலெக்ட்ரானிக்ஸும் தெரிய வேண்டும், புரோகிராமும் எழுத வராமல் முடியாது. முதல் வருடத்திலேயே சி மொழி, பைத்தான்; இரண்டாம் வருடத்தில் லினக்ஸ், நெட்வொர்க்கிங். இதில் அவளுக்கு ஆர்வமே இல்லையென்றால், கிடைக்கிறதே என்பதற்காக ஈ.சி.இ. வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய்விடுங்கள். கம்யூனிகேஷன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகள் மேல் தூசி படிந்திருந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். முக்கியமாக, கணவரையும் கூட்டிப் போங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும்.