மகளுக்குக் கொழும்பில் எந்தக் கணக்கு?

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் வீடு எடுத்திருக்கிறீர்கள். இரண்டு வயது மகளுக்கு இங்கேயே சிறுவர் சேமிப்புக் கணக்கு திறக்கலாமா, ஊரில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஒன்று தாராளமாகத் திறங்கள். ஆனால் அவளுடைய படிப்புக்கான பணத்தை அதில் சேர்க்காதீர்கள்.

இலங்கை வங்கியின் ரண் கெகுளு, செலான் வங்கியின் டிக்கிரி என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு சிறுவர் கணக்கு உண்டு. தொகை ஏற ஏறப் பரிசும் தருவார்கள். பரிசைப் பார்த்து வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்தக் கணக்குகளில் பணம் பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பூட்டியே இருக்கும். உங்கள் விசாவோ வேலையோடு ஒட்டியது. நாலு வருடத்தில் ஊர் திரும்ப நேர்ந்தால் கணக்கை மூடலாமா, பணத்தை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று முதலிலேயே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியை இங்கே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 இலங்கை ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போய்விட்டது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தும் சேமித்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் மகள் கோவையில் கல்லூரிக்குப் போவாள் என்றால் கட்டணம் இந்திய ரூபாயில்தானே? சேமிப்பும் அதிலேயே இருக்கட்டும். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் அவள் கைக்கு வரும் பணம் மட்டும் இங்கே சேரட்டும்.

அப்புறம், வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வங்கி முறிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி, ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 லட்சம் இலங்கை ரூபாய் வரைதான். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசே முழு உத்தரவாதம் தருகிறது, அதனால் நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, ஊர்ப் பக்கம். வேலைக்காக வெளிநாடு வந்ததும் நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (என்ஆர்ஐகள் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். என்ஆர்ஐயாக இருக்கும்போது, பெண் குழந்தைகளுக்கான இந்திய அரசின் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் புதிதாகத் திறக்க முடியாது. ஏற்கெனவே திறந்திருந்தால் மறைத்துக்கொண்டு கட்டாதீர்கள், நிலை மாறியதைச் சொல்லிவிடுங்கள். பிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் புதிதாகத் தொடங்க முடியாது, பழையது முதிர்வு வரை ஓடலாம். உங்களுக்கு ஏற்றது என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய ரூபாயில் போட்டு வைக்கும் கணக்கு. பாதுகாவலராக நீங்கள் இருந்து மகள் பெயரிலேயே திறக்கலாம். இந்தியாவில் அதன் வட்டிக்கு வரி இல்லை, பணத்தை இந்தியாவுக்கு வெளியே தடையின்றி எடுத்துச் செல்லலாம்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்தியன் வங்கிக்கும் ஸ்டேட் வங்கிக்கும் கொழும்பில் கிளை இருக்கிறதே, அங்கேயே என்ஆர்இ திறக்கலாம் என்று நினைப்பார்கள். அந்தக் கிளைகளில் நீங்கள் திறப்பது இலங்கைக் கணக்கு, இலங்கை விதிகள்தான் பொருந்தும். என்ஆர்இ கணக்கு இந்தியக் கிளையில் இருக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் போகும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய பாஸ்போர்ட், உங்கள் விசா மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.