செயலி அப்புறம், முதலில் தேடலைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: அரசு உதவி பெறும் கலைக்கல்லூரியில் 19 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். வயது 51. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரப்போவதால் செயலி, க்யூஆர் கோடு, இன்ஸ்டாகிராம் பக்கம், சாட்பாட் எல்லாம் இந்த ஆண்டே வேண்டும் என்கிறார் முதல்வர். நூலகத்தில் நானும் ஓர் உதவியாளரும்தான். எங்கே ஆரம்பிப்பது என்றே புரியவில்லை. இளைய ஆசிரியர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்த நான்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் ஓபேக்கை, அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலைத் திறந்து ஒரு மாணவி தேடுவது மாதிரி தேடிப் பாருங்கள். சிலப்பதிகாரம் என்று தமிழில் அடியுங்கள், அப்புறம் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். தமிழ்ப் புத்தகங்களை ஆங்கில எழுத்தில் ஏற்றி வைத்திருந்தால் ஒரு பிரதி எஸ்ஸில் தொடங்கும், இன்னொன்று சி-யில் தொடங்கும், மூன்றாவதில் ஒரு ஹெச் கூடியிருக்கும். அலமாரியில் ஆறு பிரதி இருக்கும், திரையில் ஒன்றும் இல்லை என்று வரும், அந்தப் பிள்ளையும் நம்பித் திரும்பிப் போய்விடும். இதை விட்டுவிட்டு செயலி செய்தால், அதே பொய்யை இனி கைப்பேசியிலும் சொல்வோம், அவ்வளவுதான்.

மார்க் என்பது புத்தக விவரங்களை எண்ணிட்ட கட்டங்களில் பதியும் முறை. அந்தப் பதிவில் 245-இல் தலைப்பை யூனிகோட் தமிழில் போடுங்கள், ஆங்கில எழுத்து வடிவங்களை 246-இல் சேருங்கள், எந்த எழுத்தில் தேடினாலும் புத்தகம் கிடைக்கும். பழைய பதிவுகள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறுவதாக இருந்தால், அதன் ஜெப்ரா என்ற தேடுபொறியை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்கும்படி நிறுவித் தருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தமிழ்த் தேடலுக்கு அது முக்கியம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம். இந்தப் பருவத்துப் பாடநூல்கள், அடிக்கடி இரவல் போகிறவை, இவற்றிலிருந்து தொடங்கினால் போதும்.

அடுத்தது என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கு மின்வளங்கள் தரும் திட்டம். அதை நடத்தும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் வழியாக ஆயிரக்கணக்கான மின்னிதழ்களை உங்கள் மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்க முடியும். ஆனால் கல்லூரி உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவர் பெயரையும் நாம்தான் சேர்க்க வேண்டும். ஆசிரியர்களோடு நின்றுபோயிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முதுகலைப் பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைத்து, உள்ளே நுழைவதிலிருந்து ஒரு கட்டுரையை இறக்குவது வரை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். சுற்றறிக்கை ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கூச்சம் பற்றிச் சொன்னீர்கள். கோஹாவை உருவாக்கச் சொன்னது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை, நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறு பகுதியின் நூலக அறக்கட்டளை. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும் 1999-இல் எழுதச் சொன்னார்கள், ஜனவரி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. என்ன வேண்டும் என்று சொன்னவர்கள் நூலகத்தார்தான். அதுபோல, ஒரு மாணவருக்கு என்ன தேவை, அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது 19 வருடம் கவுன்டரில் இருந்த உங்களுக்குத்தான் தெரியும். சர்வர் நிறுவ கணினித் துறை ஆசிரியரைக் கூப்பிடுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. புதுப் புத்தக அறிவிப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள், மாணவிகளின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சேனலாக வையுங்கள். எந்தக் கணக்கையும் உங்கள் சொந்த எண்ணில் திறக்க வேண்டாம், நூலகத்துக்கென்று உள்ள எண்ணிலோ மின்னஞ்சலிலோ தொடங்குங்கள், நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் அது நூலகத்தோடு இருக்க வேண்டும்.

முதல்வரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். நூலகம் தானியங்கி ஆக்கப்பட்டதா, மின்வளங்கள் உண்டா, எவ்வளவு பயன்படுகின்றன என்பதைத்தான் நாக் சுயமதிப்பீட்டில் நூலகப் பகுதியில் கேட்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டி, முதலில் இதை முடிக்கிறேன் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். க்யூஆர் கோடு மட்டும் இப்போதே செய்துவிடலாம், ஓபேக் முகவரியை அச்சிட்டு அலமாரிகளில் ஒட்ட ஒரு மதியம் போதும்.