என் பக் நாய்க்குக் கண்ணில் பீளை விட்டு விட்டு வருகிறது. வீட்டு வைத்தியம் ஏதாவது உண்டா?

மூன்று மாதமாக என்று எழுதியிருக்கிறீர்கள். சொட்டு மருந்து விட்டால் ஒரு வாரம் தெளிகிறது, நிறுத்தினால் மறுபடி பச்சையாகக் கட்டிக்கொள்கிறது, மருந்துக்கடையில் வேறு பாட்டில் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் அதே கதைதான் என்கிறீர்கள். படித்துவிட்டு மெஷினை நிறுத்திவிட்டேன். இரண்டு ஜாக்கெட் பாக்கி இருக்கிறது, இருக்கட்டும். இதே செக்கை நான் எட்டு மாதம் சுற்றியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. வேலூர் தோட்டப்பாளையத்தில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். "டாக்டரைப் பார்க்காமல் இங்கே என்ன அறிவுரை" என்று கேட்க வருகிறவர்களும் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்லப் போகிறார்கள், நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் போய் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு கூட்டம், பக் நாய் வளர்ப்பதே பாவம், மூச்சு விட முடியாத ஜாதி என்று ஆரம்பிக்கும். பாதி உண்மைதான். ஆனால் ஜில்லுவை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பெங்களூருக்கு மாறிப் போனபோது, "பத்து நாள் பார்த்துக்கோங்க அக்கா" என்று விட்டுப் போனது. அந்தப் பத்து நாள் 2018-ல் தொடங்கியது.

ஜில்லுவுக்கு ஒரு வயது இருக்கும்போது வலது கண்ணின் மூக்கோர மூலையில் சிவப்பாக ஒரு சதை பிதுங்கியது, இலந்தைப் பழம் மாதிரி. செர்ரி ஐ என்பார்கள், பக் நாய்க்கு அடிக்கடி வருவது. உள்ளூரில் ஒருவரிடம் காட்டினோம். "கொஞ்சம் சதை வளந்திருக்கு, வெட்டிட்டா சரியாயிடும்" என்றார். வெட்டினார், சரியாயிற்று. மூன்று வருடம் அந்தக் கண்ணை நான் நினைக்கவே இல்லை.

2022 கோடையில் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கத்திரி வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் எழுந்தால் கண் ஓரத்தில் பீளை. தண்ணீராக ஒழுகாது, பசை மாதிரி. பஞ்சால் இழுத்தால் நூலாக நீளும், விட்டால் இமை முடியிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வெயில் சூடு என்று நினைத்தேன். எதிர் வீட்டு ஆயா, "நந்தியாவட்டைப் பூவ ஒத்தி எடு, கண்ணு குளுகுளுன்னு ஆயிடும்" என்றது. ஒத்தினேன். இன்னொருத்தர் தாய்ப்பால் என்றார், இன்னொருத்தர் விளக்கெண்ணெய் என்றார். நல்லவேளை இரண்டும் கைக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் மருந்துக்கடைச் சொட்டு மருந்து. ஒரு வாரம் பளிச், அடுத்த வாரம் பச்சை. நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இதுதான்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில்கூட இதை எல்லோருக்கும் சொன்னதில்லை. நைனாவுக்கு அந்த வருடம்தான் கண்புரை ஆபரேஷன் ஆனது. அவருக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மிச்சம், ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் நின்றது. மனிதக் கண்ணுக்கே நல்லதென்றால் நாய்க்கு என்ன கெடுதல் என்று எடுத்து விட்டேன். இரண்டே நாளில் சிவப்பு போயே போச்சு. இத்தனை நாள் இதை விட்டுவிட்டு எங்கெங்கோ அலைந்தோமே என்றுகூட நினைத்தேன்.

நாலாவது நாள் ஜில்லு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. இழுத்துப் பார்த்தால் வலது கண்ணை இறுக்கி மூடியிருந்தது. விரலால் மெல்லப் பிரித்தேன். கருவிழிமேல் நீலம் கலந்த வெள்ளையில் ஒரு புள்ளி, உளுந்து அளவு. பிரித்த கையை அது நக்கியது. இதை எழுதும்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

மெட்ராஸுக்குப் போவதென்று அன்றைக்கே முடிவு செய்தோம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கொல்கத்தாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி எங்கள் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். எங்கள் தெருவில் பாதி போர்டு பெங்காலியில் இருக்கிறது. ஆரணி ரோட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அத்தனையும் மனிதக் கண்ணுக்கு. நாலு கால் இருந்தால் நாம் வேலூரைவிட்டு வண்டியேற வேண்டும். ரயிலில் சாதாரணப் பெட்டியில் நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பில் கூபே முழுசாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வேன் கூண்டு. மூக்கே இல்லாத நாயை அந்தப் புழுக்கத்தில் கூண்டில் போட எனக்கு மனசு வரவில்லை. தம்பி சிநேகிதனின் காரில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வாலாஜா, காஞ்சிபுரம் பிரிவு, பூந்தமல்லி என்று வேப்பேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். 1903-ல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி, அங்கேயே ஆஸ்பத்திரி. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு ராஜபாளையம், பின்னால் கூடையில் ஒரு பூனை.

பார்த்தவர் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. விளக்கை அடிப்பதற்கு முன்னாலேயே ஒரு பேப்பர் துண்டை எடுத்தார். அரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும், மேலே மில்லிமீட்டர் கோடு போட்டிருந்தது. நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் கொக்கி மாதிரி மாட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். கண்ணீர் ஊற ஊறப் பேப்பரில் ஈரம் ஏறும், கூடவே நீலச் சாயம் நகரும். இடது கண்ணில் 17-க்கு ஏறியது. வலது கண்ணில் 3. அதற்கு மேல் நகரவே இல்லை. நாளெல்லாம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருப்பவள் நான். மில்லிமீட்டர் எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

நாய்க்கு ஒரு நிமிடத்தில் 15 அல்லது அதற்கு மேல் வர வேண்டுமாம். 10-க்குக் கீழே போய், கண்ணும் இப்படி இருந்தால் உலர் கண். "இவ்வளவு ஒழுகுற கண்ணுல ஈரம் இல்லையா மேடம்?" என்று கேட்டேன். கண்ணீரில் தண்ணீர் குறைந்துவிட்டால் சளி மட்டும் கெட்டியாகத் தங்கிவிடும், கழுவிவிட ஆள் இல்லாததால் கிருமி அதில் பெருகும், மருந்து விட்டால் கிருமி சாகும், வறட்சி அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் புதுக் கிருமி வரும் என்றார். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர் ஓடாத ஆற்றில் என்ன சேரும் என்று தெரியாதா.

அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். அந்த உளுந்துப் புள்ளி பச்சையாக மின்னியது. புண். "வேற என்ன மருந்து விட்டீங்க?" என்றார். முதலில் கடைச் சொட்டு மருந்தை மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து நைனாவின் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பைக் குறைத்துக் காட்டும், கண்ணில் கீறல் இருந்தால் ஆறவிடாது, குழி தோண்டும். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் வீட்டில் இருக்கும் பாட்டிலை இப்போதே எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது அதில் இருந்தால், சாயம் போட்டுப் பார்த்துப் புண் இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள். போகும்போது பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். திறந்து ஒரு மாதமான பாட்டில் எதுவானாலும் குப்பைதான்.

வெட்டிய கதையையும் கேட்டார். இமை மூலையில் பிதுங்கியது வெறும் சதை இல்லையாம், கண்ணீர் சுரக்கும் சுரப்பி. கண்ணீரில் மூன்றில் ஒரு பங்காவது அதிலிருந்துதான் வருகிறது. இப்போதெல்லாம் அதை வெட்டுவதில்லை, பை மாதிரி பிரித்து உள்ளே தள்ளித் தைத்துவிடுகிறார்கள். வெட்டினால் உடனே ஒன்றும் தெரியாது, சில வருடம் கழித்துத்தான் கண் வறளும். எனக்கு ஆத்திரம் பொங்கியது. துணி கூடுதலாக வந்தால் நான்கூட முதலில் உள்ளே மடித்துத்தான் தைப்பேன், கத்திரியை எடுக்க மாட்டேன். நாளைக்குப் பிரிக்க வேண்டி வரும் என்று தெரியும். வெட்டியவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது, அவர் கற்ற காலத்தில் அதுதான் முறையோ என்னவோ. ஆனால் உங்கள் நாய்க்கும் சின்ன வயதில் அந்த மூலையில் ஏதாவது வெட்டியிருந்தால் டாக்டரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

புண் ஆறும்வரை இரவு பகலாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து. கண்ணைப் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு கட்டச் சொன்னார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டில் எது இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கும். நைனாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெட்டிச் சுருட்டி, ஓரத்தில் பைப்பிங் வைத்துத் தைத்தேன், கழுத்தை அறுக்காது. பதினைந்து நாள் ஜில்லு நைனாவின் விலா எலும்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தது. புண் ஆறியது. சின்னதாக ஒரு பூ மட்டும் கருவிழியில் நின்றுவிட்டது.

அதன் பிறகு சைக்ளோஸ்போரின் களிம்பு, காலை ஏழு, இரவு ஒன்பது. நடுவில் செயற்கைக் கண்ணீர், நாலைந்து தடவை. முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து பேப்பரில் 6. நாலு மாதத்தில் 11. மீதியிருக்கும் சுரப்பியை அந்த மருந்து வேலை செய்ய வைக்கிறது, நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். ஆயுசுக்கும் விட வேண்டும். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது களிம்பை மறந்துவிட்டோம், பத்து நாளில் பழைய பசை திரும்ப வந்தது.

மருந்து விடும்போது முதலில் பீளையை எடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து அரை நிமிடம் வைத்தால் இளகிவிடும், பிய்க்காதீர்கள். சொட்டு முதலில், ஐந்து நிமிடம் விட்டுக் களிம்பு. நீங்கள் கேட்ட வீட்டு வைத்தியம் எனக்குத் தெரிந்து இந்தப் பஞ்சும் தண்ணீரும்தான்.

உங்கள் நாய்க்கும் உலர் கண்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இமை உள்பக்கம் மடிந்து முடி குத்தலாம், பக் நாய்க்கு மூக்கு மடிப்பின் முடியே கண்ணை உரசும். உண்ணிக் காய்ச்சலிலும் கண் சிவக்கும், அப்போது சோறு இறங்காது, உடம்பு சுடும். தடுப்பூசி போடாத குட்டிக்குக் கண்ணோடு மூக்கும் ஒழுகி இருமினால் அது வேறு பெரிய நோய். சல்ஃபா மாத்திரை நாள்கணக்கில் கொடுத்திருந்தாலும் கண் வறளலாம். கண் நீலம் பாய்ந்தாலோ, பெரிதானாலோ, இறுக்கி மூடினாலோ அன்றைக்கே ஓடுங்கள், என்னைப் போல நாலாவது நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஆனால் மூன்று மாதம், நூல் நூலாகப் பீளை, மருந்து விடுகிற நாள் மட்டும் தெளிவு என்றால் அந்தப் பேப்பர் துண்டைக் கேட்காமல் அடுத்த பாட்டிலை வாங்காதீர்கள். ஒரு நிமிட வேலை, நாய்க்கு வலியும் இல்லை. எட்டு மாதத்தில் ஒருவர்கூட அதை எடுக்கவில்லை.

செலவைப் பற்றியும் கேட்பார்கள். "நாய்க்கு இவ்வளவா?" இதை என்னிடம் அதிகம் கேட்டது எங்கள் ஓனர் அம்மா. தெருவில் ஒவ்வொரு வீடாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் ரூமாக மாறிக்கொண்டிருக்கிறது. மாத வாடகையைவிட நாள் வாடகை லாபம். நேராகச் சொன்னால் என்ன? "நாய் கண்ணுல சீழு வருது, ரூம் எடுக்க வர்றவங்க பயப்படுறாங்க" என்றார். பதினோரு வருடமாக ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. அவர் பேத்தி கல்யாண ஜாக்கெட் பதினான்கையும் நான்தான் தைத்தேன், கூலியில் பாதிதான் வாங்கினேன். அது ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சீட்டையே காட்டினேன், கண்ணாடி இல்லை என்று படிக்க மறுத்துவிட்டார். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

ட்யூப்லைட்டுக்குக் கீழே நாயை உட்கார வைத்துக் கண்ணைப் பாருங்கள். நல்ல கண்ணில் விளக்கு ஒரே கோடாகக் கூர்மையாகத் தெரியும். ஜில்லுவின் வலது கண்ணில் அப்போது அது உடைந்து, மாவு பூசிய மாதிரி மங்கித் தெரிந்தது. எட்டு மாதம் அதே விளக்கின் கீழ் உட்கார்ந்து தைத்தவள், ஒருநாளும் கவனிக்கவில்லை. இது டாக்டர் பரிசோதனைக்கு ஈடாகாது, என் கைக்கணக்கு. இப்போது தினமும் களிம்பு போட்டதும் பார்க்கிறேன். பூ இருக்கும் இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் நெளிகிறது.