குடல்வால் ஆபரேஷனைக் கடிதத்தில் எழுதலாமா?

ஆங்கிலத் தேர்வுகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து இப்போது நாகர்கோவிலில் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு), ஐயெல்ட்ஸ் (வெளிநாட்டில் படிக்க, குடியேற எழுதும் பொது ஆங்கிலத் தேர்வு) வகுப்புகள் எடுக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

எனக்கு 29 வயது. தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை. இங்கிலாந்து போவதற்காக ஓஇடி எழுதினேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு. ரைட்டிங்கில் மட்டும் 280. கோச்சிங்கில் கொடுத்த மாதிரிக் கடிதங்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். கடிதம் எழுதுவதற்காகத் தேர்வில் தரும் நோயாளிக் குறிப்பில், அதாவது கேஸ் நோட்ஸில், இருந்த ஒரு விஷயத்தையும் விடவில்லை. அப்புறம் ஏன் மார்க் குறைந்தது?
– செவிலியர், மார்த்தாண்டம்

தங்கச்சி, "ஒரு விஷயத்தையும் விடவில்லை" என்கிறீர்களே, மார்க் போனது அங்கேதான்.

முதலில் ஒரு ஆறுதல். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி ரைட்டிங்கில் கேட்பது சி பிளஸ், அதாவது 300. மற்ற மூன்றுக்கும்தான் 350. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணை அவர்கள் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. அதனால் கையில் இருக்கும் மூன்று பி கிரேடும் வீணில்லை. அடுத்த முறையும் நான்கு பகுதியையும் எழுதத்தான் வேண்டும், மற்ற மூன்றும் சி பிளஸுக்குக் கீழே இறங்கவும் கூடாது. ஃபீஸ் கட்டுவதற்கு முன் என்எம்சி தளத்தில் இந்த விதியை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று பணம் கட்ட வேண்டாம்.

இனி கடிதம். மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோட்ஸைப் படிக்க மட்டும்; அப்போது எழுதக்கூடாது. மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். திருத்துகிறவர் பார்ப்பது ஆறு விஷயம். இலக்கணம் அதில் ஒன்றே ஒன்று. எதற்காக இந்தக் கடிதம் என்பது உடனே தெரிகிறதா, தேவையானது இருக்கிறதா, தேவையில்லாதது வெளியே நிற்கிறதா என்பவை தனித்தனிக் கணக்கு.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 72 வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். இடுப்பு மூட்டு மாற்றி வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸுக்கு நீங்கள் எழுத வேண்டும். நோட்ஸில் இருப்பவை: 1978-இல் குடல்வால் ஆபரேஷன். பத்து வருடமாக பிபி மாத்திரை. பென்சிலின் அலர்ஜி. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் லேசான காய்ச்சல், பாராசிட்டமாலில் இறங்கிவிட்டது. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) அன்றே எடுத்தாயிற்று. காயம் சுத்தமாக இருக்கிறது, 14-ஆம் நாள் கிளிப் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க தினமும் எனாக்ஸபாரின் ஊசி. மனைவிக்கு ஊசி போடப் பயம். வாக்கர் பிடித்து நடக்கிறார். படுக்கையறை மாடியில். கிரிக்கெட் என்றால் உயிர்.

உங்களை மாதிரி ஆட்கள் குடல்வாலில் ஆரம்பித்து கிரிக்கெட் வரை வரிசையாக எழுதி 260 வார்த்தையில் நிறுத்துவார்கள். பயம்தான் காரணம். வார்டில் நமக்குப் பழக்கியது அப்படி: எழுதாதது நடக்காதது. டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரில் ஒன்றை விட்டால் சிஸ்டர் திட்டுவார். ஆனால் இது ஹேண்ட்ஓவர் இல்லை. நாளைக் காலை அந்தத் தாத்தா வீட்டு வாசலில் நிற்கப்போகிற நர்ஸுக்கு என்ன தெரிய வேண்டும்? கிளிப் என்றைக்கு எடுக்க வேண்டும், ஊசி யார் போடுவது, மாடிப்படி என்ன செய்வது, பென்சிலின் கூடாது, பிபி மாத்திரை உண்டு. குடல்வால் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கதீட்டர் எடுத்தாயிற்று, காய்ச்சலும் போய்விட்டது. அந்த மூன்றும் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். மனைவியின் பயம் மட்டும் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் ஊசி நின்றுபோவது அதனால்தான். கம்யூனிட்டி நர்ஸ் அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அல்லது தானே வந்து போட வேண்டும். அதைக் கேட்பதற்காகத்தான் கடிதமே.

இதே நோட்ஸை வைத்து பிசியோதெரபிஸ்டுக்கு எழுதச் சொன்னால் மாடிப்படியும் வாக்கரும் முதல் பத்திக்கு வந்துவிடும், கிளிப் ஒரு வரியில் முடியும். குடும்ப டாக்டருக்கு என்றால் பிபி மாத்திரை மேலே ஏறும். மனப்பாடக் கடிதம் உதவாமல் போவது இதனால்தான். அது யாருக்கு எழுதுகிறோம் என்று யோசிக்க விடாது.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் முழுக் கடிதம் எழுத வேண்டாம். ஒரு கேஸ் நோட்ஸை எடுங்கள். மூன்று பேருக்கு எழுதுவதாக நினைத்து, அவரவருக்குத் தேவையான குறிப்புகளுக்கு மூன்று முறை டிக் மட்டும் போடுங்கள். நைட் டியூட்டியில் டீ குடிக்கிற நேரம் போதும். வாரத்துக்கு இரண்டு கடிதம் முழுசாக எழுதி, திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திருத்துகிறவர் உங்கள் சென்டரைச் சேர்ந்தவராக இருந்தால், ஸ்பெல்லிங்கைச் சுழித்துவிட்டு மேலே ஒரு டிக் போட்டுத் தருகிறாரா, "இந்த வரி எதற்கு?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவருக்கு ஃபீஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கேஸ் ஷீட்டில் எழுதி எழுதி நமக்குக் கை சுருங்கிவிட்டது. சி/ஓ (கம்ப்ளெயின்ட்ஸ் ஆஃப்), ஹெச்/ஓ (ஹிஸ்டரி ஆஃப்) என்று கடிதத்திலும் வந்துவிடும். நோட்ஸில் சுருக்கமாக இருப்பதை முழு வாக்கியமாக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதும் இந்தத் தேர்வின் ஒரு வேலை. நோயாளியை ஒவ்வொரு வரியிலும் "பேஷன்ட்" என்று எழுதாமல், மிஸ்டர் போட்டுப் பெயரைச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பி.இ. முடித்து கோவையில் வேலை பார்க்கிறேன். அயர்லாந்தில் எம்.எஸ். படிக்க ஐயெல்ட்ஸ் அகாடமிக் எழுதினேன். ரீடிங்கில் 5.5. மூன்றாவது பத்தியைத் தொடவே நேரமில்லை. தினமும் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தைச் சத்தமாகப் படிக்கிறேன். தமிழ் மீடியம்காரனுக்கு 7 சாத்தியமா?
– வாசகர், தாராபுரம்

சாத்தியம் தம்பி. மீடியத்தை விடுங்கள். என் வகுப்பில் டென்ஸை ஒழுங்காகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் மீடியம் பிள்ளைகள்தான், விதி படித்து வந்தவர்கள்.

சத்தமாகப் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாய் ஓடுகிற வேகத்துக்கு மேல் கண் ஓடாது. 60 நிமிடத்தில் மூன்று பத்தி, 40 கேள்வி. விடையை விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரமும் ரீடிங்கில் கிடையாது. போகப் போகப் பத்தி கடினமாகும் என்பதால் முதல் பத்தியை 15 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள், தப்புக்கு மைனஸ் மார்க் இல்லை.

எனக்குத் தெரிந்து இன்ஜினியர்கள் அதிகம் சறுக்குவது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்வியில். உதாரணத்துக்கு, "பனைக்குக் குறைந்த நீர் போதும், வறண்ட மண்ணிலும் வளரும்" என்று மட்டும் பத்தியில் இருக்கிறது. கேள்வியில் "தென்னையைவிடப் பனைக்கு நீர் குறைவாகத் தேவை" என்று கொடுத்திருக்கிறார்கள். தாராபுரத்துக்காரரான உங்களுக்கு அது உண்மை என்று நன்றாகத் தெரியும், உடனே ட்ரூ போடுவீர்கள். பத்தியில் தென்னை என்ற பேச்சே இல்லையே! விடை நாட் கிவன். "பனைக்கு நிறைய நீர் வேண்டும்" என்று கேட்டிருந்தால் ஃபால்ஸ், ஏனென்றால் பத்தி அதை மறுக்கிறது. மறுக்கிற வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் மட்டும் ஃபால்ஸ் போடுங்கள். இந்த வகைக் கேள்விகளின் விடைகள் பத்தியில் வரிசைப்படிதான் வரும் என்பதும் உதவும். மூன்றாம் கேள்வியின் விடை கிடைத்துவிட்டால் நான்காவதைத் தேட மேலே போக வேண்டாம்.

மாதிரித் தேர்வு ஒன்று எழுதினால், அதற்கு இரண்டு மடங்கு நேரம் தப்பான விடைகளோடு உட்காருங்கள். எந்த வரி ஏமாற்றியது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐம்பது தாள் போட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் அந்த நோட்டு இருக்காது. ரைட்டிங் பயிற்சிக்கு சாட்ஜிபிடி பயன்படுத்தினால், "திருத்தி எழுது" என்று கேட்காதீர்கள். அது அழகாக எழுதிக்கொடுத்துவிடும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். தப்பைச் சுட்டிக்காட்ட மட்டும் சொல்லிவிட்டு, நீங்களே திருத்துங்கள்.

மகள் கனடா போக வேண்டும். ஒரு ஏஜென்ட், ஐயெல்ட்ஸ் பரீட்சை எழுதாமலே 7 பேண்டு (மதிப்பெண்) சர்டிஃபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார். "ஒரிஜினல் சார், கம்ப்யூட்டரிலேயே ஏறிவிடும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், கோவில்பட்டி

அண்ணாச்சி, ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். தேர்வு நாளில் எடுக்கிற போட்டோ ரிசல்ட் படிவத்திலேயே இருக்கும். கல்லூரியும் குடிவரவுத் துறையும் அந்தப் படிவ எண்ணை வைத்து ஆன்லைனில் சரிபார்த்துவிடுவார்கள். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் கனடா 5 வருடத்துக்குக் கதவைச் சாத்திவிடும். அந்த ஏஜென்ட் வேறு தெருவில் வேறு போர்டு மாட்டிவிடுவார், கறை உங்கள் மகள் பெயரில்தான் இருக்கும். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கை ஒழுங்கான வகுப்புக்குக் கட்டுங்கள். மகள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது எங்கும் இல்லை.

ஸ்பீக்கிங்கில் நல்ல மார்க் எடுக்க பிரிட்டிஷ் அக்சென்ட் அவசியமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அவசியமே இல்லை. ஐயெல்ட்ஸில் உச்சரிப்புக்கு மார்க் உண்டு, அக்சென்டுக்குத் தனியாகக் கிடையாது. சினிமா பார்த்து நாக்கைச் சுழற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பாதி வாக்கியத்திலேயே நான் நிறுத்திவிடுவேன்.

நம் வாயில் சரிசெய்ய வேண்டியது வேறு. மெய்யெழுத்தில் முடிகிற வார்த்தைக்கு வாலாக ஒரு உகரம் ஒட்டிவிடுகிறோம்: பஸ்ஸு, புக்கு, பெட்டு. அதை வெட்டுங்கள். அடுத்து, எண்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறோம். ஃபிஃப்டியில் முதல் அசையை மட்டும் அழுத்துங்கள், ஃபிஃப்டீனில் பின்பகுதியை நீட்டி அழுத்துங்கள். நர்ஸ் பிள்ளைகளிடம் இதை நான் கண்டிப்பாகவே கேட்பேன், 15 மில்லிகிராமும் 50 மில்லிகிராமும் ஒன்றில்லையே. ஒரு பத்தியைப் போனில் பதிவுசெய்து, நீங்களே கேட்டு, ஒட்டின உகரத்தையெல்லாம் பென்சிலால் அடியுங்கள். முதல் நாள் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான்.

ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்கில் கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாமா? மார்க் குறைப்பார்களா?
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாகக் கேட்கலாம். திரும்பச் சொல்லச் சொன்னதற்காக மட்டும் யாரும் மார்க் குறைப்பதில்லை. முதல் பகுதியில் அதே கேள்வியை இன்னொரு முறை சொல்வார்கள், விளக்கம் தர மாட்டார்கள். மூன்றாவது பகுதியில் வேறு வார்த்தைகளில் கேட்கச் சொல்லலாம். ஆனால் எல்லாக் கேள்விக்கும் "பார்டன்?" என்று சொல்லி யோசிக்க நேரம் வாங்குகிற தந்திரம் வேண்டாம், எதிரே இருப்பவர் அதை நிறையப் பார்த்திருப்பார்.